கிராஃபிக் டிசைன் கற்க வருகிறீர்களா? ஒரு பிட் நோட்டீஸிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி நாள்காட்டி தொங்குகிறதா? ஒரு தாளைக் கிழித்துக் கையில் எடுங்கள். தேதி, கிழமை, ஆங்கில மாதம், தமிழ் மாதம், நட்சத்திரம், திதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், அப்புறம் அன்றைய விசேஷம். உள்ளங்கை அளவுத் தாளில் இத்தனை செய்தி. ஆனாலும் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தால் தேதி தெரிகிறது. கொஞ்சம் நெருங்கினால் கிழமை. ராகு காலம் பார்க்க வேண்டியவர் மட்டும் கிட்டே வந்து பார்க்கிறார். எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது காத்திருக்கலாம் என்று சிவகாசியில் யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். கிராஃபிக் டிசைன் என்பது அந்தத் தீர்மானம். கணினியும் மென்பொருளும் அதை நிறைவேற்றும் கருவிகள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு டிடிபி சென்டரில் தட்டச்சு செய்பவனாகச் சேர்ந்து, அங்கிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். புதிதாகக் கற்க வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணே, எந்த சாஃப்ட்வேர் படிக்கட்டும்?” என்பதுதான். அவர்களுக்கு நான் சொல்லும் வழியைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஓர் அடிப்படைப் படிப்பு, கூடவே நான்கு சிறு வேலைகள். அந்த நான்கும் உண்மையான வேலைகளாக இருக்க வேண்டும். அச்சாகவோ பகிரப்படவோ செய்து, யாரோ ஒருவர் கையில் போய்ச் சேர வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதத்தில் முடிக்கலாம்.

முதலில் கருவிகள்

8 ஜிபி ராம் உள்ள சாதாரணக் கணினி போதும். ஒரு கோடு போடாத நோட்டு, பென்சில், ஸ்கேல், கொஞ்சம் டிரேசிங் பேப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். டிரேசிங் பேப்பரை விட்டுவிடாதீர்கள், அடுத்த பகுதியிலேயே தேவைப்படும்.

மென்பொருளில் மூன்று வகை இருக்கிறது. கோடுகளையும் வடிவங்களையும் கணக்காக வைத்துக்கொள்ளும் வெக்டர் மென்பொருள். அதில் வரைந்ததை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது. கோரல்டிராவும் இல்லஸ்ட்ரேட்டரும் இந்த வகை. புகைப்படத்தைப் புள்ளி புள்ளியாகக் கையாளும் ஃபோட்டோஷாப் இரண்டாவது வகை. பல பக்கங்களைக் கோக்கும் இன்டிசைன் மூன்றாவது. பணம் கட்டாமல் தொடங்க இவற்றுக்கு மாற்றாக முறையே இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் இருக்கின்றன. மூன்றும் இலவசம், திறந்த மூல மென்பொருள்கள். திருட்டுப் பதிப்பை நிறுவிக் கணினியைக் கெடுத்துக்கொள்வதைவிட இவற்றில் கற்பது எவ்வளவோ மேல்.

நம் ஊர் அச்சகத்தில் வேலைக்குப் போக நினைத்தால் ஒரு கட்டத்தில் கோரல்டிரா பழகியாக வேண்டும். விளம்பர நிறுவனம் என்றால் இல்லஸ்ட்ரேட்டரும் ஃபோட்டோஷாப்பும். செயலி, இணையதளம் பக்கம் போகிறவர்களுக்கு ஃபிக்மா. ஆனால் முதல் மூன்று மாதம் ஒரே ஒரு வெக்டர் மென்பொருளோடு நில்லுங்கள். கேன்வாவில் அவசர வேலைகளைச் செய்யலாம், தவறில்லை. கற்கும் காலத்தில் மட்டும் அதன் ஆயத்த வார்ப்புகளைத் தொடாதீர்கள். யோசிக்க வேண்டிய இடங்களை எல்லாம் வேறொருவர் முன்பே யோசித்து முடித்திருப்பார். உங்களுக்குப் பயிற்சியாக எதுவும் மிஞ்சாது.

முதல் இரண்டு வாரம்: கண்ணுக்குப் பயிற்சி

கணினியைத் திறக்க வேண்டாம். கையில் கிடைக்கும் அச்சுத் தாள்களை எல்லாம் சேருங்கள்: பிட் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, மருந்து அட்டை, தீப்பெட்டி, ஜவுளிக்கடைப் பை, பள்ளி ஆண்டு மலர். நாற்பது ஐம்பது சேர்ந்ததும் தரையில் பரப்பி வையுங்கள்.

ஒவ்வொன்றின் மேலும் டிரேசிங் பேப்பரை வைத்து, எழுத்தை எழுதாமல், எழுத்துக் கூட்டங்களை வெறும் கட்டங்களாக வரையுங்கள். படம் இருக்கும் இடம் ஒரு கட்டம், தலைப்பு ஒரு கட்டம், முகவரி ஒரு கட்டம். இப்போது தாளை எடுத்துவிட்டு அந்தக் கட்டங்களை மட்டும் பாருங்கள். நல்ல வடிவமைப்பில் நான்கைந்து தெளிவான கட்டங்கள் இருக்கும், அவற்றின் இடது ஓரங்கள் ஒரே கோட்டில் நிற்கும். குழப்பமான தாளில் பதினைந்து கட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் மிதக்கும். ஏன் அந்த நோட்டீஸைப் பார்த்தால் அயர்ச்சியாக இருக்கிறது என்பது அப்போது புரியும்.

இன்னொரு பயிற்சி. தாளைக் கை நீட்டிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். எழுத்துகள் மங்கி, கருமையும் வெளிச்சமும் மட்டும் தெரியும். அப்போதும் எது துருத்திக்கொண்டு தெரிகிறதோ அதுதான் அந்தத் தாளின் முதல் செய்தி. ஒரு கண் மருத்துவ முகாம் நோட்டீஸில் முகாமின் தேதிக்குப் பதில் வாழ்த்துவோர் படம் துருத்திக்கொண்டு தெரிந்தால், முகாமுக்கு வர வேண்டிய பாட்டிக்கு அது உதவவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டு பயிற்சிகளையும் தினமும் மூன்று தாளுக்குச் செய்து, என்ன பார்த்தீர்கள் என்று நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்.

எந்தப் படிப்பில் சேரலாம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இதையே பட்டமாகப் படிக்க முடிகிறவர்களுக்கு நல்ல வழிகள் இருக்கின்றன. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும், ஐஐடிகளின் வடிவமைப்புப் பட்டப் படிப்புக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வுகள். ஐஐடிகளுக்கானது யூசீட். இவற்றில் கையால் வரைவதும் கவனித்துப் பார்ப்பதும் சோதிக்கப்படும், ஆகவே மேலே சொன்ன நோட்டுப் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும்.

வேலைக்குப் போய்க்கொண்டே கற்பவர்களுக்கு இணையப் படிப்புகள் சரி. கோர்ஸெராவில் கலிஃபோர்னியா கலைக் கல்லூரியான கால்ஆர்ட்ஸ் நடத்தும் கிராஃபிக் டிசைன் தொடர் அடிப்படை, எழுத்துக்கலை, பட உருவாக்கம், வரலாறு என்று முறையாகப் போகும். கட்டணம் கட்ட இயலாதவர்கள் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். மும்பை ஐஐடியின் வடிவமைப்புத் துறை உருவாக்கிய டிசோர்ஸ் பாடங்கள் இலவசம், அதில் இந்திய எழுத்துகள், இந்தியக் கைவினைகள் பற்றிய பாடங்களும் உண்டு.

ஊரில் இருக்கும் மூன்று மாதப் பயிற்சி நிலையங்களில் சேர்வதாக இருந்தால், பணம் கட்டுமுன் மூன்று விஷயம் கேளுங்கள். போன அணியினர் செய்த வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே ஜாடையில் இருந்தால் ஆசிரியர் சொன்னதை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். பாடத்திட்டத்தைக் கேளுங்கள். அதில் வெறும் மென்பொருள் பெயர்கள் மட்டும் இருந்து, எழுத்து, நிறம், பக்க அமைப்பு என்ற சொற்களே இல்லாவிட்டால் அங்கே கிடைப்பது மெனு மனப்பாடம். மாணவர் வேலை எதையாவது அச்சகம் வரை கொண்டுபோகிறார்களா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் தைரியமாகச் சேரலாம்.

எந்தப் படிப்பாக இருந்தாலும் ஒரு மணி நேரம் காணொளி பார்த்தால் இரண்டு மணி நேரம் கையால் செய்ய வேண்டும். காணொளிகளை அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டே போனால் எல்லாம் தெரிந்துவிட்டதுபோல் இருக்கும். வெற்றுத் திரை முன்னால் உட்கார்ந்ததும் கை ஓடாது.

தமிழ் எழுத்தோடு பழகுங்கள்

பெரும்பாலான படிப்புகள் ஆங்கில எழுத்தை வைத்துத்தான் சொல்லித்தருகின்றன. நம் வேலையோ பாதிக்கு மேல் தமிழில். அங்கே கற்ற பல விதிகள் இங்கே அப்படியே பொருந்தாது. இந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு மாதம் கொடுங்கள் என்பேன்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு வரிசை உண்டு. ஒரு சொல்லை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டாலே அது தலைப்பாகிவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. சாய்வெழுத்தும் நம் மரபில் இல்லை. சாய்த்தால் சுழிகள் கோணிக்கொண்டு தெரியும். ஆகவே தமிழில் ஒரு வரியை எடுத்துக்காட்ட அளவு, தடிமன், நிறம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகிய நான்குதான் உங்கள் கையில் இருக்கின்றன. அதிலும் வெற்றிடத்தைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு வரியைத் தனியாக நிறுத்தி, சுற்றிலும் இரண்டு விரல் இடம் விட்டால், அதைத் தடிமனாக்கவே தேவைப்படாது.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘அழைக்கப்படுகிறீர்கள்’ என்ற ஒரு சொல்லே சின்ன நோட்டீஸில் பாதி வரியை அடைத்துக்கொள்ளும். குறுகிய பத்தியில் இரு ஓரமும் நேராக நிற்கும்படி அடுக்கினால் சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும். அந்த இடங்களில் இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து வலதை அதன்போக்கில் விடுங்கள்.

அடுத்தது வரி இடைவெளி. மேலே இகர, ஈகாரச் சுழிகளும் புள்ளிகளும், கீழே உகர, ஊகார வால்களும் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்கு நெருக்கடியாக இருக்கும். 12 பாயின்ட் (எழுத்தளவின் அலகு) எழுத்துக்கு 17 அல்லது 18 பாயின்ட் இடைவெளி கொடுத்துப் பாருங்கள். எழுத்துகளுக்கு இடையே இடம் விட்டு அகட்டும் ஆங்கிலப் பழக்கத்தைத் தமிழில் தொடவே தொடாதீர்கள். ‘கொடை’ என்ற சொல்லை அகட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் விலகி நிற்கும், வாசிக்கிறவர் தடுமாறுவார்.

ஃபான்ட் (எழுத்துரு) தேர்ந்தெடுக்கும்போது அது காட்டும் மாதிரி வாக்கியத்தை நம்பாமல் நீங்களே சோதியுங்கள். உகர வரிசையைத் தட்டிப் பாருங்கள்: கு, சு, டு, து, நு, மு, ழு, று. வால் எழுத்துக்கு எழுத்து மாறும் இடம் அது, ஃபான்ட் செய்தவரின் உழைப்பு அங்கேதான் தெரியும். கூடவே ஸ்ரீ, ஞூ, ஔ, எண்கள், ரூபாய்க் குறி எல்லாவற்றையும் பாருங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேடமரன், அனெக் தமிழ், டிரோ தமிழ், பலூ தம்பி எல்லாம் வணிக வேலைக்கும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியவை. முதல் நான்கும் எதற்கும் பொருந்தும். அனெக் தமிழில் அகலத்தையும் தடிமனையும் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் நீளச் சொற்களுக்கு உதவும். டிரோ தமிழ் நீண்ட வாசிப்புக்கு இதமானது. பலூ தம்பி குழந்தைகள் சம்பந்தப்பட்டவற்றுக்கு. தொடக்கத்தில் இரண்டே இரண்டு ஃபான்ட்டோடு இருங்கள்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிவிடுங்கள். இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், பிறகு கை தானாக ஓடும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் தட்டச்சு செய்வதே நல்லது. ஆனால் பழைய அச்சகக் கோப்புகள் பாமினி போன்ற ஃபான்ட்களில் இருக்கும். அவற்றில் திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும், ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கிலக் கூட்டமாக வந்து நிற்கும். பதறாமல் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள். இன்டிசைனில் தமிழை ஒட்டியதும் கொம்பு இடம் மாறி வந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் எழுத்துக்கான விருப்பங்களில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறது, அதை இயக்க வேண்டும். இது தெரியாமல் எத்தனையோ பேர் தங்கள் கணினியில் தமிழே வராது என்று விட்டுவிட்டார்கள்.

முதல் வேலை: ஒரு நிறத்தில் பிட் நோட்டீஸ்

உங்கள் தெருவில் டியூஷன் நடத்தும் அக்கா, ஊர்க் கோவில் கொடை விழா, நூலக வாசகர் வட்டம், ரத்ததான முகாம். இவற்றில் ஒன்றுக்கு ஏ5 அளவில், கறுப்பு ஒரு நிறத்தில், நோட்டீஸ் செய்து கொடுங்கள். ஒரு நிறம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிறம் கையில் இல்லாதபோது அளவும் இடமும் மட்டுமே மிஞ்சும். அவற்றை ஆளக் கற்றவருக்கு நிறம் கூடுதல் பலம். கற்காதவருக்குக் குழப்பத்தை மறைக்கும் பூச்சு.

செய்தியை வாங்கியதும் கணினிக்குப் போகாமல், ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போடுங்கள். டியூஷன் நோட்டீஸ் என்றால் எந்த வகுப்புக்கு, என்னென்ன பாடம் என்பது 1. எங்கே, எந்த நேரம் என்பது 2. தொலைபேசி எண்ணும் 2தான். ஆசிரியரின் தகுதி 3. இந்த எண்களை அந்த அக்காவோடு உட்கார்ந்து போடுங்கள், அவருக்கு எது முக்கியம் என்பது அப்போதுதான் வெளிவரும். பிறகு 1க்கு ஓர் எழுத்தளவு, 2க்கு ஒன்று, 3க்கு ஒன்று. மூன்று அளவுக்கு மேல் வேண்டாம். அளவுகளுக்கு இடையே வித்தியாசம் தெளிவாக இருக்கட்டும்: 11, 18, 40 என்று வைத்தால் கண்ணுக்குத் தெரியும், 14, 16, 18 என்று வைத்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும்.

சம்பந்தப்பட்ட வரிகளைச் சேர்த்து வையுங்கள். இடமும் நேரமும் தொலைபேசியும் ஒரே கூட்டமாக இருக்க வேண்டும். கூட்டத்துக்குள் இருக்கும் இடைவெளியைவிடக் கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே இருப்பது இரண்டு மடங்காவது இருக்கட்டும். அப்புறம் எல்லாவற்றையும் இடது ஓரமாக ஒரே கோட்டில் நிறுத்துங்கள். நம் ஊர் நோட்டீஸ்களில் எல்லாமே நடுவில் நிற்பது வழக்கம். அது கல்யாணப் பத்திரிகைக்கு அழகு. தகவல் நோட்டீஸுக்கு இடது ஓரம் வாசிக்கச் சுலபம்.

வேலை கொடுப்பவர் நிச்சயம் ஒன்று கேட்பார்: “இங்க காலியா இருக்கே, ஏதாவது போடலாமே?” மறுத்துப் பேசாதீர்கள். காலியிடம் உள்ளது ஒன்று, நிரப்பியது ஒன்று என்று இரண்டையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் காலியிடம் உள்ளதைத்தான் எடுப்பார்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்

என் முதல் நோட்டீஸ் எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைக்கு. இரண்டு இரவு உட்கார்ந்து செய்தேன். கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டு ஓர் அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே இருந்த பழைய கணினியில் என் ஃபான்ட் இல்லை. கொம்புகள் எல்லாம் இடம் மாறிப்போய், ‘கொடை’ என்ற சொல்லே உடைந்து, ஆயிரம் தாளும் அப்படியே அச்சாகி வந்தது. யாரும் ஒரு மாதிரித் தாள் எடுத்துப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டை அவிழ்த்துப் பார்த்த கமிட்டிப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கட்டிவைத்தார். இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது. மறுநாள் வேறோர் அச்சகத்துக்குப் போனேன். அங்கிருந்த அண்ணாச்சி கோப்பைத் திறக்கும் முன்பே, “தம்பி, கர்வ் பண்ணியாச்சா?” என்று கேட்டார். கீழே எழுதுவது பெரும்பாலும் அவர் சொல்லிக்கொடுத்தது.

கர்வ் பண்ணுவது என்றால் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிடுவது. கோரல்டிராவில் கன்வர்ட் டு கர்வ்ஸ், இல்லஸ்ட்ரேட்டரில் கிரியேட் அவுட்லைன்ஸ், இங்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத். மாற்றிய பிறகு ஃபான்ட் தேவையில்லை, எந்தக் கணினியிலும் எழுத்து உடையாது. ஆனால் பிழை திருத்தவும் முடியாது. ஆகவே திருத்தக்கூடிய கோப்பு ஒன்று, கர்வ் செய்தது ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கர்வ் செய்ததைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்.

ஓரம் வரை நிறமோ படமோ போனால், வெட்டும் இடத்துக்கு வெளியேயும் 3 மில்லிமீட்டர் நீட்டி வைக்க வேண்டும். இதற்குப் பிளீட் என்று பெயர். ஏ5 தாளின் அளவு 148க்கு 210 மில்லிமீட்டர். பிளீடோடு 154க்கு 216. வெட்டும் கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க இந்த ஏற்பாடு. அதேபோல எழுத்து எதுவும் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் வரக் கூடாது.

நிறம் சேர்க்கும் வேலைகளில் கோப்பு சிஎம்ஒய்கே முறையில், அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளின் கணக்கில் இருக்கட்டும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் மினுங்கும் நீலமும் இலைப்பச்சையும் தாளில் மங்கித்தான் வரும். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இல்லை. சிறிய கறுப்பு எழுத்துகள் கறுப்பு மை ஒன்றில் மட்டும் 100 சதவீதம் இருக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால், பிளேட் (அச்சுத் தகடு) ஒன்று இம்மி நகர்ந்தாலும் எழுத்தோரம் வண்ணத்தில் பிசிறும்.

படங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கு. 4 அங்குல அகலத்தில் ஒரு புகைப்படம் வர வேண்டுமானால் அது குறைந்தது 1200 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். நூறு இருநூறு பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு, ஆயிரம் போனால் ஆஃப்செட் கட்டுப்படியாகும். ஆஃப்செட்டில் பிளேட் செலவு முதலிலேயே விழுந்துவிடுவதுதான் காரணம். முடிந்தால் மை ஓடும் நேரத்தில் அச்சகத்தில் நின்று பாருங்கள். ஒரு மாதப் பாடத்தில் கிடைக்காதது அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும்.

இரண்டாவது வேலை: கல்யாணப் பத்திரிகை

உறவில் ஒரு கல்யாணம் வராமலா போகும்? நீங்களே கேட்டு வாங்கிச் செய்யுங்கள். தமிழில் இதைவிடக் கடினமான எழுத்துப் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. தெய்வத்தின் பெயர், தமிழ் வருடம், மாதம், நாள், நட்சத்திரம், லக்னம், முகூர்த்த நேரம், மணமக்கள், இரு வீட்டுப் பெற்றோர், தாத்தா பாட்டி, தாய்மாமன்மார், மண்டபம், வரவேற்பு. பெயர்களுக்கு முறை உண்டு, வரிசை உண்டு. எந்தப் பெயர் எந்த அளவில், யாருக்கு மேலே யார் என்பதெல்லாம் குடும்பத்தில் மனத்தாங்கல் வரவழைக்கக்கூடிய விஷயம். ஆகவே செய்தியை வீட்டுப் பெரியவர் கையெழுத்தில் வாங்குங்கள், வாய்மொழியாக வாங்காதீர்கள்.

காகிதம் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில். ஜெராக்ஸ் தாள் 70, 75 இருக்கும். பத்திரிகை அட்டை 250, 300 என்று போகும். பளபளப்பாக லேமினேஷன் போட்ட அட்டை கடையில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் மூலைகளில் மஞ்சள் தடவினால் ஒட்டாமல் உதிரும். உறையின் மேல் பேனாவால் பெயர் எழுதினால் மை காயாமல் தீற்றிக்கொள்ளும். பத்திரிகை வைக்கும்போது அந்த வீட்டார் என்னென்ன செய்வார்களோ அதையெல்லாம் நினைத்துப் பாருங்கள். நான்கு மூலையிலும் மஞ்சளுக்கு இடம் விடுங்கள், அங்கே எழுத்தைக் கொண்டுபோகாதீர்கள். உறையின் முன்பக்கம் பெயர் எழுத வெற்றிடம் வேண்டும். கண்ணாடி போடாத தாத்தா படிக்கும்படி முகூர்த்த நேரமும் மண்டபப் பெயரும் இருக்கட்டும்.

மூன்றாவது: தெருக்கடைக்கு ஒரு லோகோ

தையல் கடை, டீக்கடை, மாவு மில் எதுவாகவும் இருக்கட்டும். முதல் நாள் கடையில் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அங்கே யார் வருகிறார்கள், பெயர் எங்கெங்கே வரப்போகிறது என்று பாருங்கள்: பலகை, பில் புக், பை, ரப்பர் ஸ்டாம்ப். பிறகு பென்சிலில் முப்பது சின்னச் சின்ன வரைவுகள். முதல் பத்து எல்லோருக்கும் தோன்றுவதாகத்தான் இருக்கும், கத்தரிக்கோல், டீ கிளாஸ் என்று. இருபதைத் தாண்டியதும்தான் கடைப் பெயரின் எழுத்துகளையே உற்றுப் பார்க்கத் தொடங்குவீர்கள்.

2010இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியை நினைத்துக்கொள்ளுங்கள். வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார், தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். இந்தியின் ‘ர’ எழுத்தும், முதுகுக் கோடு இல்லாத ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. பள்ளிப் பிள்ளை ஒரு தரம் பார்த்தால் கையால் எழுதிவிடும். உங்கள் லோகோவையும் அப்படிச் சோதியுங்கள்: ஒரே நிறத்தில் நிற்கிறதா, 15 மில்லிமீட்டர் அகலத்தில் தெளிவாக இருக்கிறதா, ரப்பர் ஸ்டாம்பாக வெட்டினால் அடைத்துக்கொள்ளாதா, எதிர்த்தெருவிலிருந்து படிக்க முடிகிறதா.

பழைய கடையாக இருந்தால் அவர்களுடைய முதல் பலகையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்றால், துதிக்கை போல வளைந்த பழைய ‘லை’யும் ‘ணை’யும் அதில் இருக்கும். கையால் எழுதிய ஓவியரின் தூரிகை ஓட்டத்தை அப்படியே படியெடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எந்த ஃபான்ட்டிலும் கிடைக்காத செல்வம் அது.

நான்காவது: திரைக்கு

முதலில் செய்த நோட்டீஸையே எடுத்து, 1080க்கு 1350 பிக்சலில் இன்ஸ்டாகிராமுக்கும், நிமிர்ந்த செவ்வகத்தில் வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கும் மாற்றுங்கள். சுருக்கி ஒட்டக் கூடாது. கைப்பேசியில் கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகும் வேகத்தில் ஒரு செய்திதான் பதியும், ஆகவே எண் 1 போட்ட வரி மட்டும் படத்தில் இருக்கட்டும், மற்றவை படத்தின் கீழே எழுத்தாகப் போகட்டும். இங்கே ஆர்ஜிபி நிறம், அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியின் கலவை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதல். கணக்கிட இலவசக் கருவிகள் உண்டு. வெயிலில் நின்று கைப்பேசியில் திறந்து பார்ப்பதும் நல்ல சோதனைதான்.

காட்டும்போதும் கொடுக்கும்போதும்

வேலையை யாரிடம் காட்டினாலும் “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், “நல்லா இருக்கு” என்ற பதில்தான் வரும். ஐந்து விநாடி காட்டிவிட்டுத் தாளை எடுத்துவிடுங்கள். “என்னைக்கு? எங்க?” என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் குறை தாளில் இருக்கிறது. டிசைன் தெரிந்தவர்களைவிட உங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் இதற்குப் பொருத்தமானவர்கள். அந்த நோட்டீஸ் அவர்களுக்காகத்தானே?

இந்த நான்கு வேலைகளின் பென்சில் வரைவு, நடுவே கைவிட்ட வடிவங்கள், அச்சாகி வந்த தாள் எல்லாவற்றையும் படம் பிடித்து ஒரு பிடிஎஃப் ஆக்கினால் அதுதான் உங்கள் முதல் போர்ட்ஃபோலியோ (வேலைத் தொகுப்பு). வேலை தேடிப் போகும் இடத்தில், இருபது கற்பனை லோகோக்களைவிட உண்மையில் ஒரு கடையின் மேல் ஏறிய ஒன்று அதிகம் பேசும்.

பணம் வாங்கிச் செய்யத் தொடங்கும்போது எத்தனை திருத்தம் வரை இந்தத் தொகை என்பதை வாட்ஸப்பிலாவது எழுதி அனுப்பி, பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதி முன்பணம். அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதி தாளில் எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். பெயர்கள், தேதிக்குக் கிழமை பொருந்துகிறதா, தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் விரல் வைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தொலைபேசி எண்ணை அங்கேயே ஒரு தரம் அழைத்துப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் அந்தத் தாளிலேயே ‘பார்த்துவிட்டேன்’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அப்புறம் பிளேட்டுக்கு அனுப்பலாம்.